எந்தப் பக்கம் தட்டினாலும் ஈசான்ய மூலை

1. முதல் பந்து

விசுவநாதன் சார் தட்டிய முதல் பந்து குழியை நோக்கி ஒழுங்காகத்தான் போனது. பாதி வழியில் அதற்கு என்ன தோன்றியதோ, மெதுவாகத் திரும்பி, தோட்டத்தின் வடகிழக்கு மூலையில் போய் நின்றது. அடுத்ததை எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டினார். அதுவும் அதே மூலை. மூன்றாவதை அவர் தட்டவே இல்லை, கையிலிருந்து நழுவிவிட்டது. அதுவும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

"என்னப்பா சலீம் இது?" என்று என்னைக் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. சாயங்காலம் அவருடைய கம்பெனி எம்.டி. வருகிறார், இந்தத் தரையில் கோல்ஃப் ஆட.

என் பக்கத்தில் நின்ற முனுசாமி மேஸ்திரிக்கோ வாயெல்லாம் பல். "பாத்தியா சார், வாட்டம் எப்டி கீதுன்னு! எவ்ளோ மழ பேஞ்சாலும் ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை அடக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா!

2. மாமா சொன்னது

இது தொண்ணூறுகளின் நடுவில், அடையாறு காந்தி நகரில் நடந்தது. அதுவரை நான் ராயப்பேட்டையில் என் மாமாவின் கார்பெட் கடையில் ஒட்டும் வேலை பார்த்துவந்தேன். பழைய கஸ்டமரான விசுவநாதன் சார் ஒரு நாள் கடைக்கு வந்து, வீட்டுப் பின்பக்கம் செயற்கைப் புல் போட்டு 'பட்டிங் கிரீன்' செய்து தர முடியுமா என்று கேட்டார். கோல்ஃப் பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டிப் பழகுகிற தரை அது.

மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "ஆள வுடு சார். புல்லு போட நாம இன்னா மாட்டுக் கொட்டாயா நடத்துறோம்?"

எனக்கு ஆசை விடவில்லை. என் சொந்தப் பெயரில் எடுத்துக்கொள்கிறேன் என்று மாமா எதிரிலேயே சாரிடம் சொல்லிவிட்டேன். மாமா கோபப்படவில்லை. "போ மாப்ளே, போ. ஒரே மாசம். இதே கடைக்கு வந்து கார்பெட் சுருட்டுவ, பாரு" என்றார். இந்த வேலை சொதப்பினால் எனக்கு அடுத்த வேலை யாரும் தரப்போவதில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாமா கடைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பம்பாயிலிருந்து புல் ரோல் வந்து இறங்கியது. அடியில் கான்கிரீட் போட வடபழனியிலிருந்து முனுசாமி மேஸ்திரியைப் பிடித்தேன். ஆயுசெல்லாம் மொட்டை மாடித் தளம் போட்டவர். வானம் பார்த்த தரை என்றால் மழைத்தண்ணீர் ஓட அவர் கை தானாகவே சரிவு கொடுத்துவிடும். அதைத்தான் வாட்டம் என்போம். எந்தப் பக்கம் வாட்டம் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. சாரின் மனைவி ஜானகி மாமியைக் கேட்டார். ஊரே வாஸ்து பைத்தியம் பிடித்து அலைந்த காலம் அது. "ஈசான்ய மூலைக்குத்தான் போகணும். வேற எங்க போனாலும் ஆகாது" என்று மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்த மூலையில் தண்ணீர் வெளியேற நாலு இன்ச் பைப் வைத்து, ஜாலி என்கிற சல்லடைத் தட்டைப் போட்டு மூடினார் மேஸ்திரி.

அதன் மேல் நான் ஜாயின்ட் டேப் போட்டு, ரப்பர் சொல்யூஷன் தடவி, புல்லை ஒட்டி, மணல் தூவி பிரஷ் அடித்தேன். பார்க்க ஜோராக இருந்தது. கோல்ஃப் பந்து உருண்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்த ஒரே மனிதரான சார் ஆபீஸில் இருந்தார்.

3. ஜாலியைத் தூக்குங்கோ

"ஒடச்சிட்டு வேற போட்டுத் தரேன் சார், ரெண்டு வாரம் குடு" என்றார் மேஸ்திரி.

"இன்னிக்கு சாயங்காலம் எம்.டி. வரார்யா!" சார் கத்தினார்.

சத்தம் கேட்டு மாமி காபி டம்ளரோடு வெளியே வந்தார். ஒரு பந்து ஓடுவதை நின்று பார்த்தார். "எல்லாப் பந்தும் அங்கதானே போறது? குழிய அங்க வச்சுட்டா ஆச்சு. இதுக்கு எதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?"

"அங்க ஜாலி இருக்கே மாமி" என்றேன்.

"ஜாலியத் தூக்குங்கோ."

தூக்கினோம். குழிக்கு அடையாளமாக நிற்கும் கொடியை அங்கே நட்டோம். பழைய குழியில் மணலை அடைத்து, வெட்டி வைத்திருந்த வட்டப் புல்லை மேலே ஒட்டினேன். சார் ஒரு பந்தைத் தட்டினார். பந்து வளைந்து, மூலைக்குப் போய், பைப்புக்குள் டொப்பென்று விழுந்தது. பிறகு சத்தமே இல்லை. போச்சு, பந்தை விழுங்கிவிட்டது என்று நாங்கள் விழிக்கையில், அந்தப் பக்கம் தென்னைமரப் பாத்தியில் பைப்பின் மறுவாயிலிருந்து துள்ளி வெளியே வந்தது!

"வந்துச்சு நைனா! வந்துச்சு!" மேஸ்திரி குதித்தார். அப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. நான் தட்ட, மேஸ்திரி தட்ட, சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்கும் தரைக்கும் ஓட, மாமி டம்ளரைக் கீழே வைக்காமலே ஒற்றைக் கையால் தட்டினார். அதுவும் விழுந்தது.

எம்.டி. வந்தார். கிளப்பில் ஒரு பந்தையும் குழியில் போடாதவர் என்று சார் காதோடு சொல்லியிருந்தார். முதல் பந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மனிதர் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டார். "விசு, பந்து தானா வெளிய வர்ற சிஸ்டம் வேற வச்சிருக்கியே! இம்போர்ட்டடா?"

சார் என்னைப் பார்த்தார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன்.

"லோக்கல்தான் சார். வடபழனி" என்றார் மேஸ்திரி.

"நம்ம வீட்லயும் ஒண்ணு போடுங்க. இதே மாதிரி. ஒரு இன்ச் மாத்தக் கூடாது."

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, எந்தத் தரை போட்டாலும் அதன் மேல் என்ன ஓடப்போகிறது என்று முதலில் கேளுங்கள். நான் அன்று கற்றது அதுதான். அதற்குப் பிறகு முறையாக மட்டம் பார்த்து எத்தனையோ கிரீன் போட்டேன். அங்கிருந்தெல்லாம் பந்து விழவில்லை என்று போன் வரும்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் மாமாவும் ஸ்கூட்டரில் வந்தார். என் லட்சணத்தைப் பார்க்கத்தான் வந்தார், சந்தேகமில்லை. சார் அவர் கையில் மட்டையைக் கொடுத்தார். மாமா அதைத் துடைப்பம் மாதிரி பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். பந்து உள்ளே விழுந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். "இன்னொன்னு குடு" என்றார். பிறகு இன்னொன்று, இன்னொன்று. எம்.டி.யே தன் முறைக்குக் காத்து நிற்க வேண்டியதாயிற்று.

கிளம்பும்போது ஸ்கூட்டரை உதைத்தபடி மாமா சொன்னார்: "நாளைக்குக் காலைல கடைக்கு வா."

கார்பெட் சுருட்டத்தானோ என்று நினைத்தேன். "எதுக்கு மாமா?"

"உன் கத்தி, சொல்யூஷன் டப்பா, ஸ்கேலு எல்லாம் என் ரேக்க அடச்சிக்கினு கீது. எடுத்துக்கினு போ. உன் கடைன்னு ஒண்ணு ஆச்சே, அதுக்கு வேணும்ல?"

வண்டி தெருமுனை திரும்பியதும், நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன்.