நாற்பத்தாறு வெயில் படங்கள்

மார்ச் 19, இரவு 10.20.

என் தவறு இது: அக்காவின் கேமராவில் இருந்த முதல் படத்தை, பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் குப்பையில் போட்டேன். நேற்று முன்தினம்.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். எனக்கே என் மேல் நம்பிக்கை குறைவு என்பதால் நேரங்களை அப்போதைக்கப்போதே கையில் குறித்துக்கொண்டேன். ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. படங்கள் என்னிடம் இருக்கின்றன. சந்தேகப்படுகிறவர்கள் வந்து பார்க்கலாம்.

அக்கா சஃபாரி ஜீப் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 15 மாலை, நாலு பேரைக் காட்டுக்குள் இருக்கும் விடுதிக்குக் கூட்டிப் போனாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுத்த சவாரி இருந்ததால் இரவு 12.15க்கு அங்கிருந்து தனியாகக் கிளம்பினாள். வீடு வந்து சேரவில்லை. திங்கள் மாலை ஜீப் மட்டும் கிடைத்தது. விடுதியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, வடக்குப் பாதையில். சாவி போட்டபடி இருந்தது. டீசல் சொட்டுக்கூட இல்லை. ஓட்டுநர் இருக்கையில் கேமரா.

வனக்காவலர் செவ்வாய்க்கிழமை கேமராவையும் அதன் மெமரி கார்டையும் கொண்டுவந்து தந்தார்.

"தம்பி, நீதான் படம் திருத்துற கிளாஸுக்குப் போறியாமே. எந்த இடம், எந்த நேரம்னு ஏதாவது தெரியுதா பாரு."

நாற்பத்தேழு படங்கள். முதல் படம் ஏதோ சோதனைக்கு எடுத்தது போல மங்கலாக இருந்தது. கழித்தேன். முதல் சுற்றில் உதவாததைக் கழி, பிறகு திருத்து. வகுப்பில் சொல்லித் தந்த முறை அது. மீதி நாற்பத்தாறும் ஒரே மாதிரி. வறண்ட வெள்ளைத் தரை, மான்கள், கொக்குகள், கண் கூசும் உச்சி வெயில். ஆனால் அவற்றில் பதிவான நேரம் நள்ளிரவு 12.40 முதல் 12.58 வரை.

தலையில் அடித்துக்கொண்டேன். ஏனென்றால் அந்தக் கேமராவில் கடிகாரத்தைச் சரிசெய்து கொடுத்தது நான். போன வருடம் அவளுடைய அலாரத்தைக் காலை நாலுக்குப் பதில் மாலை நாலுக்கு வைத்து, ஒரு நாள் வேலையைக் கெடுத்தவனும் நான்தான். அன்றிலிருந்து நான் மணி சொன்னாலே அக்கா கேட்பாள்: "இது காலையாடா, சாயங்காலமாடா?"

மறுபடியும் அதே தவறு என்று நினைத்தேன். நாற்பத்தாறு படங்களுக்கும் பன்னிரண்டு மணி நேரம் கூட்டினேன். பகல் 12.40. வனக்காவலருக்குச் சொன்னேன்.

"அப்போ திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கா" என்றார். "டீசல் தீர்ந்ததும் எறங்கி நடந்திருப்பா. ஜீப்பைச் சுத்தித் தேடுறோம்."

மூன்று நாளாக வடக்கைத்தான் சலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று மாலை 4.10க்கு அவர் மறுபடி அழைத்தார். "நாளைக்குச் சாயங்காலத்தோட நிறுத்தச் சொல்லிட்டாங்க தம்பி. தண்ணி இல்லாம இத்தனை நாள்... நீயே யோசி."

அம்மா கதவருகே நின்றிருந்தாள். "என்னடா சொல்றாங்க?"

"தேடிக்கிட்டே இருக்காங்கம்மா."

அதற்கு மேல் வீட்டில் இருக்க முடியவில்லை. 6.30க்கு வகுப்புக்குப் போனேன். அங்குள்ள கணினியில் நிழல்களை இன்னும் நன்றாகத் திறக்க முடியும். கடும் வெயிலில் எடுத்த படத்தில் வெளிச்சம் வெளுத்துப்போகும், நிழல் கரியாகிவிடும். வெளிச்சத்தைத் தணித்து நிழலை மெல்ல உயர்த்தினால், உள்ளே மறைந்தது தெரியும். ஒரு காலடித் தடம் போதும். ஒரு மைல்கல் போதும்.

7.05. ஒன்பதாவது படம். இருபது மான்கள். வெயில் இப்படி அடித்தால் மான் மர நிழலில் படுத்திருக்கும். இவை வெட்டவெளியில் நின்றன. இருபதும் தலையை உயர்த்தி, கேமராவுக்குச் சற்று மேலே எதையோ பார்த்தன.

7.22. பதினான்காவது படம். பட்ட மரத்தில் ஓர் ஆந்தை. உச்சிப் பகலில் ஆந்தையா? பெரிதாக்கினேன். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

7.40. ஆசிரியை என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இதுக்கு என்ன லைட் போட்டாங்க?"

"லைட் இல்ல மேடம். வெயில்."

"வெயில்னா நிழலெல்லாம் ஒரே பக்கமா, ஒண்ணுக்கொண்ணு இணையா விழணும். இங்க பாரு, விசிறி மாதிரி விரியுது." திரையில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். கோடுகள் எல்லாம் போய் ஓரிடத்தில் கூடின. "வெளிச்சம் இதோ, இவ்வளவு கிட்ட இருக்கு. சூரியன் மரத்து உசரத்துலயா நிக்கும்?"

சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "போறப்ப பூட்டிட்டுப் போப்பா. அவசரம் இல்ல."

8.15. எல்லோரும் போய்விட்டார்கள். நடைபாதை விளக்கும் அணைந்தது. என் திரை மட்டும்.

முப்பதாவது படம். நிழல்கள் குட்டையாகியிருந்தன.

முப்பத்தைந்து. இன்னும் குட்டை.

அந்த வெளிச்சம் நெருங்கி வந்துகொண்டிருந்தது...

8.26. முப்பத்தெட்டாவது படத்தின் கீழ் விளிம்பில் ஒரு நிழல். தொப்பி. பின்னல். அக்காவின் நிழல். கேமராவைக் கண்ணில் வைத்து, இரண்டு முழங்கைகளும் விரிந்திருந்தன. திரையைத் தொட்டுப் பார்த்தேன்.

8.29. நாற்பத்தாறாவது படம். கடைசி. அதே நிழல், காலடிக்குள் சுருங்கி.

இரண்டு கைகளும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன.

கைகளில் எதுவும் இல்லை.

அப்படியானால் இந்தப் படத்தை எடுத்தது யார்?

8.31. விசைப்பலகையின் மேல் நிழல் விழுந்தது.

என் நிழல்.

திரை எனக்கு முன்னால் இருக்கிறது. என் நிழல் பின்னால்தான் விழ வேண்டும்.

முதுகு சுட்டது.

நிழல் குட்டையானது... இன்னும்...

"படக்."

கேமரா சத்தம். காதுக்கு அருகில்.

திரும்பினேன்.

இருட்டு. காலி நாற்காலிகள். 8.32.

ஓடியிருப்பேன். ஆனால் அந்தச் சத்தம் அக்காவின் குரலை ஞாபகப்படுத்திவிட்டது. ஞாயிறு மாலை நான் கடிகாரத்தைச் சரிசெய்து கேமராவை நீட்டியதும் அவள் சொன்னாள்: "உன்னை நம்பமாட்டேன்டா. சாட்சி வேணும்." பிறகு என் கணினித் திரையை நோக்கி ஒரு படம் எடுத்தாள். படக்.

சாட்சியை நான் குப்பையில் போட்டிருந்தேன்.

8.40. கார்டிலிருந்து அந்த முதல் படத்தை மீட்டேன். நிழலை உயர்த்தினேன். என் கணினித் திரை. அதன் மூலையைச் சுட்டும் அக்காவின் விரல். அங்கே: மார்ச் 15, மாலை 5.12.

படத்தில் கேமரா பதித்த நேரத்தைப் பார்த்தேன். மார்ச் 15, மாலை 5.12.

நான் சரியாகத்தான் வைத்திருந்தேன். இந்த ஒருமுறை.

8.50க்கு வனக்காவலரை அழைத்தேன். பன்னிரண்டு மணி நேரத்தைக் கூட்டியது தப்பு, படங்கள் ராத்திரியில் எடுத்தவை என்றேன். விடுதியிலிருந்து கிளம்பிய இருபத்தைந்தாவது நிமிடத்தில்.

"வெள்ளைத் தரைன்னு சொன்னியே... கிளம்புன அரை மணிக்குள்ளன்னா அது காஞ்ச ஏரி. நாம அந்தப் பக்கமே போகலையே."

"என்னாலதான் சார்."

"தம்பி... அன்னைக்கு ராத்திரியைப் பத்தி விடுதி வாட்ச்மேன் ஒண்ணு சொன்னான். ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி ஏரிப் பக்கத்துல பறவையெல்லாம் சேந்து கத்துச்சாம். விடிஞ்சிருச்சுன்னு நெனச்சு எந்திரிச்சு, பல்லுகூட வெளக்கிட்டானாம். அப்புறம் பாத்தா மறுபடியும் இருட்டு. குடிச்சிருக்கான்னு சிரிச்சிட்டு விட்டுட்டோம்."

"இன்னைக்கே போகலாமா சார்?"

"இருட்டுல ஆளுங்க வரமாட்டாங்க. காலைல வா."

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டேன். என் கழுத்தின் பின்புறம் வெயிலில் நின்றது போலக் கன்றியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன்.

நாளை: காலை 5.30 முதல் பேருந்து. தண்ணீர் ஐந்து லிட்டர், டார்ச், அக்காவின் மாற்றுச் செருப்பு. பகல் முழுக்கக் காய்ந்த ஏரியில் தேடுவது. மாலையில் மற்றவர்கள் கிளம்பினாலும் நான் கிளம்பக் கூடாது. இரவு 12.40க்கு அங்கேயே இருக்க வேண்டும். கேமராவை எடுத்துக்கொள்ள வேண்டும். கடிகாரத்தில் கை வைக்கக் கூடாது.