சடங்குக்கு அப்பா வரலாமா

வியாழக்கிழமை விடிந்தாலே எனக்குத் தோள் வலிக்கும். அன்றைக்குத்தான் எங்கள் அமைப்பின் பிரிக்பீல்ட்ஸ் ஆலோசனை அறையில் குடும்பங்களைப் பார்க்கும் நாள். சுபாங் ஜெயாவில் ரயில் ஏறும்போதே, இன்றைக்கு யாராவது ஒருவர் வரமுடியவில்லை என்று போன் செய்தால் தேவலை என்று மனசு கெஞ்சும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. வீட்டுக்குள் அடிபட்ட பெண்களோடும் பிள்ளைகளோடும் இத்தனை வருடம் உட்கார்ந்து பேசிவிட்டு, தினமும் உற்சாகமாக வேலைக்குக் கிளம்புகிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அறை மாடியில் இருக்கிறது. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. பதினோரு மணி தாண்டினால் யார் அழுதாலும் ரசம் கொதிக்கிற வாசனையோடுதான் அழவேண்டும். ஒருமுறை ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மேடம், பசிக்குது" என்று சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சொன்னவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

எடுத்தவுடன் "என்ன நடந்தது?" என்று நாங்கள் கேட்பதில்லை. எந்த நாற்காலி வேண்டும், கதவைச் சாத்தலாமா, விசிறியைக் குறைக்கவா என்றுதான் ஆரம்பிப்போம். எதற்கும் யாரும் சம்மதம் கேட்காத வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கேள்விகளே புதிது. சிலர் பதில் சொல்லத் தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் காத்திருப்பேன். இந்த வேலையில் பாதி காத்திருப்பது, மீதிப் பாதி வாயை அடக்குவது. முதல் பாதி எனக்கு ஓரளவு வரும்.

அந்தத் தாயும் மகளும் கிள்ளானிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். கிள்ளானிலும் எங்களுக்கு ஓர் அறை இருக்கிறது, அங்கேயே பார்க்கலாமே என்று கேட்டேன். "அங்க படி ஏறினா யாராச்சும் பாத்துருவாங்க மேடம். நாங்க வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அவரு கடைக்கு நியூஸ் போயிரும்" என்றார் தாய். அவர் என்றால் கணவர். ஊரறிந்த பாத்திரக் கடைக்காரர், கோயில் கமிட்டியில் இருப்பவர். குடிப்பாரா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், குடித்தால்தான் கை நீளும் என்பதுபோல. இந்த மனிதர் தேநீர்கூடத் தொடமாட்டார். கதவைச் சாத்தி, டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு அடிப்பார்.

போன வருடம் தாய் மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்காவின் பிளாட்டுக்கு வந்துவிட்டார். கணவர் இருவரையும் நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு போட்டது. அந்த ஒரு காகிதத்தை நம்பித்தான் அவர்கள் இருவரும் தெருவில் நடந்தார்கள்.

மகளுக்குப் பதினோரு வயது. என் அறையில் ஒரு பல்லாங்குழிப் பலகை உண்டு. வந்தவுடன் அதன் முன் உட்கார்ந்துவிடுவாள். கை மட்டும் விறுவிறு என்று குழி மாற்றிச் சோழி போடும், வாய் திறக்காது. வெளியே ஹாரன் அடித்தால் சில பிள்ளைகள் துள்ளுவார்கள், சிலர் அம்மாவின் மடிக்குள் பாய்வார்கள். இவள் அப்படியே உறைந்துபோவாள். கையிலிருக்கும் சோழிகூடக் கீழே விழாது. "ரொம்ப அடக்கமான பிள்ளை" என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்களாம். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வியாழக்கிழமை தாய் முகமெல்லாம் மலர்ந்து வந்தார். மகள் வயதுக்கு வந்துவிட்டாளாம். சொல்லி முடிப்பதற்குள் அந்த முகம் வாடியும் போயிற்று. அவருடைய அண்ணன் பெரிய மண்டபத்தில் சடங்கு செய்யத் தயாராக இருக்கிறார், ஆனால் பிள்ளையின் அப்பா சபையில் நிற்கவேண்டும் என்கிறார். தாய்மாமன் முதல் தண்ணீர் ஊற்றி, சீர் வைக்காமல் சடங்கு ஏது? அண்ணன் வேண்டுமென்றால் கணவர் வந்தாகவேண்டும். கணவர் வரவேண்டுமென்றால் உத்தரவை ரத்து செய்தாகவேண்டும்.

"ஒரு நாளைக்குத்தான் மேடம். கேன்சல் பண்ணிட்டு, சடங்கு முடிஞ்சதும் மறுபடி போட்டுக்கலாம்ல?"

அது என்ன, விசேஷத்துக்குக் கழற்றி வைத்துவிட்டு மறுநாள் மாட்டிக்கொள்கிற திரைச்சீலையா? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். ரத்து செய்தால் மறுபடி கிடைப்பது லேசில்லை, கிடைக்கும்வரை அவர் எப்போது வேண்டுமானாலும் வாசலில் வந்து நிற்கலாம் என்று நிதானமாகச் சொன்னேன். முடிவு அவருடையது என்றும் சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் களைப்பாக இருக்கும். தனக்கென்று ஒரு சேலைகூடத் தேர்ந்தெடுக்க விடப்படாத பெண்ணிடம், முடிவு உங்களுடையது என்கிறோம்.

அடுத்த வாரம் அண்ணனும் கூடவே வந்தார். நல்ல மனிதர். தங்கை வீட்டைவிட்டு வந்த அன்று அக்காவைத் தவிர வேறு யாரும் எட்டிப்பார்க்காதபோது, லோரி பிடித்துக்கொண்டு வந்து சாமான் ஏற்றியவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசினார்.

"அவரு செஞ்சது தப்புன்னுதான் மேடம் நானும் சொல்றேன். ஆனா அப்பன் உசுரோட இருக்கும்போது, அப்பன் இல்லாத பிள்ளை மாதிரி செஞ்சா நாளைக்கு யாரு லா பொண்ணு கேட்டு வருவா? ஒரு மாலை போட்டுட்டுப் போயிருவாரு. நான் பக்கத்துலயே நிப்பேன்."

பதினோரு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு மாப்பிள்ளை தேடுகிறார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அவர் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. தங்கை தலைகுனியக் கூடாது என்றுதான் இவ்வளவும்.

அதுவரை யாரும் பிள்ளையைக் கேட்கவில்லை. நான் தரையில் அவள் அருகே உட்கார்ந்து, "உனக்கு ஏதாச்சும் கேக்கணுமாடா?" என்றேன். சோழிகள் ஒரு சுற்று முழுக்கப் போய் வந்தன. அதற்குப் பிறகுதான் மாமனைப் பார்த்துப் பேசினாள்.

"என்னை மணையில உக்கார வைப்பீங்களா மாமா?"

"ஆமாடா. ராணி மாதிரி."

"எந்திரிக்கக் கூடாதா?"

மாமா சிரித்தார். "எல்லாரும் நலங்கு வச்சு முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"அப்பா கிட்ட வந்தாலும்?"

மாமாவின் சிரிப்பு நின்றது. அவர் தங்கையைப் பார்த்தார், தங்கை தரையைப் பார்த்தார். நான் வளர்ந்த சாலாக் செலாத்தானில் என் சடங்கின்போது நானும் தலைகுனிந்து மணையில் உட்கார்ந்திருந்தவள்தான். யார் யாரோ வந்து கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். எழுந்திருக்க முடியாது என்பது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. தோன்ற வேண்டிய அவசியம் எங்கள் வீட்டில் இருக்கவில்லை.

தாய் அன்றைக்கே சொல்லிவிட்டார், உத்தரவை ரத்து செய்யப்போவதில்லை என்று. அண்ணனும் சம்மதித்தார். மண்டபம் வேண்டாம், பிளாட்டிலேயே சின்னதாகச் செய்துகொள்ளலாம், அப்பா வேண்டாம். அத்தனை சுலபமாக அவர் தலையாட்டியது எனக்கு உறுத்தியது. அவர் கீழே இறங்கிய பிறகு தாயிடம் சொன்னேன். "எங்க அண்ணன் அப்படிப்பட்டவரு இல்ல மேடம்" என்றார். இருக்கட்டும், ஒருவேளை கணவர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பேசி வைப்போம் என்றேன். எழுந்திருக்கவேண்டும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போகவேண்டும், தாழ் போட்டுவிட்டுப் போலீசைக் கூப்பிடவேண்டும். இரண்டு முறை நடந்தே பார்த்தோம். தாய் என் மனசு நோகக் கூடாதே என்பதற்காக நடந்தார். மகள் சோழியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சடங்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். தாய் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"தண்ணி ஊத்தி, பட்டுச் சேலை கட்டி, மணையில உக்கார வச்சோம் மேடம். அண்ணன் சீர்த் தட்டு எடுக்கக் கீழ போனாரு. திரும்பி வந்தப்ப பின்னாலயே அவரு, கையில மாலையோட. ஏன் வந்தீங்கன்னு ஒருத்தர் கேக்கல. எல்லாரும் நகந்து வழி விட்டாங்க."

அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லைதான். அப்பாவை எதிரே பார்த்துவிட்டால் பிள்ளை மனசு இளகிவிடும், பூவும் சந்தனமுமாக இருக்கிற வீட்டில் எவனும் கை ஓங்கமாட்டான் என்று நம்பிக் கூட்டி வந்திருக்கிறார்.

"நீங்க சொல்லிக் குடுத்தது எல்லாம் ஞாபகம் இருந்துச்சு மேடம். ஆனா காலு வரல. சொன்னா நம்பமாட்டீங்க, எல்லாரும் வழி விட்டாங்கல்ல, நானும் நகந்து வழி விட்டேன்." மகள் பக்கம் கையைக் காட்டினார். "இவதான் எந்திரிச்சா. சேலை தடுக்குது, தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ரூம் வாசல் வரைக்கும் போயிட்டா. திரும்பிப் பாத்தா நான் வரல. மறுபடி வந்தா மேடம். அவரத் தாண்டி வந்து என் கையப் பிடிச்சு இழுத்தா. 'வாம்மா'ன்னா."

உள்ளே போய்த் தாழ் போட்டதும் அவள்தான். போனை அம்மா கையில் கொடுத்ததும் அவள்தான். போலீஸ் வருவதற்குள் அந்த மனிதர் போய்விட்டார். மறுநாள் தாய் ரிப்போர்ட் செய்தார். மச்சானைப் போலீசில் மாட்டிவிட்டாயே என்று கேட்டுவிட்டு அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். பிறந்த வீட்டில் அக்காவைத் தவிர இருந்த ஒரே ஆதரவும் போயிற்று.

பிள்ளையிடம், "ரொம்ப நல்லா செஞ்சடா" என்றேன். "ம்" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. எந்த மனிதரைப் பார்த்தால் உறைந்துபோவாளோ அவரைத் தாண்டி, பட்டுச் சேலை தடுக்கத் தடுக்க, இரண்டு தடவை நடந்திருக்கிறாள். இரண்டாவது தடவை அவள் நடந்திருக்கவே கூடாது. இதையெல்லாம் மீட்சி என்று எங்கள் கூட்டங்களில் சொல்லிக் கைதட்டுவோம். அன்றைக்கு எனக்குக் கைதட்டத் தெம்பில்லை, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

கீழே கடையில் மதியக் கூட்டம் சேர்ந்துவிட்டது. நாற்காலியைத் திருப்பிப் போட்டபடி, வழக்கம்போல முதலில் பிள்ளையோடு பேசட்டுமா என்று கேட்டேன். தாய் மகளின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டு, அவளை வெளி பெஞ்சில் உட்காரச் சொன்னார். பிறகுதான் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கு என்னைப் பாருங்க மேடம். அடுத்த தடவ எனக்காக அவ திரும்பி வரக் கூடாது."