ஓவர் என்றால் நீங்கள் பேசுங்கள்

எங்கள் அண்ணனின் குரல் கேளாத முதல் வருடம் இன்றோடு நிறைகிறது. இந்த நினைவு மலரை வாங்கியிருக்கும் நீங்கள் எல்லோரும் அந்தக் குரலைப் போனில் கேட்டு, காதைச் சற்றுத் தள்ளிப் பிடித்தவர்கள்தான். மில் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அது.

அண்ணன் பிறந்தது தளவாய்புரத்தில். அப்பா சீக்கிரமே கர்த்தரிடம் போய்விட, ஐ.டி.ஐ. முடித்த கையோடு இராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்து அம்மாவையும் தங்கை என்னையும் தாங்கினார். தனக்கென்று ஆசைப்பட்டது, வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசுகிற ஹாம் ரேடியோ ஒன்றுக்குத்தான். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினார். அளவெடுக்கும் இரும்பு டேப்பை வெட்டி ஆன்டெனா செய்தார். கம்பி வழியே தந்தி போன காலம் மலையேறி, கம்பியில்லாமலே குரல் விண்வெளி வரை போகிறது, அங்கே சுற்றுகிற விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களிடம் ஒரு நாள் பேசியே தீருவேன் என்பார்.

"தரையில இருக்கவுகட்ட பேசவே ஒங்களுக்கு நேரமில்ல. மேல இருக்கவுகட்ட என்ன பேச்சு?" என்பார் அவர் மனைவி, என் மதினி.

ரேடியோவில் பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் போனிலும் ஒட்டிக்கொண்டது. என் கல்யாணப் பேச்சின்போது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் மாமனார், "நிச்சயத்துக்கு ரெண்டு வேன்ல வாரோம்" என்றார்.

"தாராளமா வாங்க, ஓவர்!" என்றார் அண்ணன். மறுமுனையில் போன் பட்டென்று வைக்கப்பட்டது.

அடுத்த பஸ்ஸில் ஓடினார். "ரெண்டு வேன் ஒமக்கு ஓவராவே தெரியுதோ?" என்று வாசலிலேயே மறித்திருக்கிறார் மாமனார்.

"ஐயோ மாமா! நான் பேசிட்டேன், இனி நீங்க பேசுங்கன்னு அர்த்தம்."

மாமனார் சிரித்த சிரிப்பில் என் கல்யாணம் பிழைத்தது.

விண்வெளி நிலையம் நம் வானத்தைக் கடக்கிற சில நிமிடங்களுக்காக அண்ணன் வருடக்கணக்கில் மொட்டைமாடியில் நின்று கூப்பிட்டார். பதில் வரவில்லை. பாவம் பார்த்து மதினிகூடக் கேலியை நிறுத்திவிட்டார். அப்படியிருக்க, நானும் வந்திருந்த ஒரு மாலை, கரகரப்புக்கு நடுவே ஒரு பெண் குரல், லைசென்ஸில் அண்ணனுக்குக் கொடுத்த குறியெழுத்துகளைத் திருப்பிச் சொன்னது. அண்ணன் மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். "பேசுங்க! ஊருக்கே கேக்குற மாதிரி பேசுவீகளே!" என்று மதினி முதுகில் ஒரு அடி வைத்தார்.

"இராஜபாளையம்," என்றார் அண்ணன். "ஓவர்."

அவ்வளவுதான். அந்தப் பெண் தட்டுத் தடுமாறி எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக எனக்குப் போன் செய்தபோது குரல் நூலாக இளைத்திருந்தது. "மதினிய தனியா விட்ராத. ஓவர்," என்றார். நான் வாய் திறப்பதற்குள் இருமல் வந்து, நர்ஸ் போனை வாங்கிக்கொண்டார். மறுபடி அவர் பேசவில்லை.

பகலிரவாய்ப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், நர்ஸுகள், ரத்தம் கொடுத்த மில் தோழர்கள், ஜெபித்த சபையார், மதுரையிலிருந்து வந்து நின்ற ரேடியோ நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மதினி இப்போது எங்களோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். ஆன்டெனாவையும் கொண்டுவந்து எங்கள் மாடியில் கட்டியாயிற்று.

அண்ணே, நீங்க சொன்னது தெளிவாக் கேட்டுச்சு. ஓவர்.