டைமர் இருந்த பை

போர்க்காலத்தில் நானும் என் நண்பன் பெனடிக்ற்றும் ஓர்ஸ் ஹில்லில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் கம்பனி தொடங்கினோம். கட்டடங்களில் தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் மோட்டரைத் தானாக நிறுத்துவது, கரண்ட் போனால் ஜெனரேற்றரைத் தானாக இயக்குவது, இவைதான் எங்கள் வேலை.

ஒருநாள் காலை துறைமுகத்தடி விடுதி ஒன்றுக்கு வேலைக்குப் போகும்போது சோதனைச்சாவடியில் என் பையைத் திறந்தார்கள். உள்ளே டைமர், வயர், பற்றரி. குண்டு செய்ய வேறென்ன வேண்டும் என்று சிப்பாய் கேட்டான்.

“இது என்ர பை இல்லை, பெனடிக்ற்றின்ர” என்றேன்.

பையையும் பெனடிக்ற்றின் விலாசத்தையும் வாங்கிக்கொண்டு என்னை விட்டார்கள். நான் அவனை எச்சரிக்க ஓடவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டினேன். அவனைப் பிடித்துக்கொண்டு போனதைப் பக்கத்துக் கடைக்காரர் வந்து சொன்னார்.

இரண்டு நாள் ஓரிடத்தில் இருக்க ஏலவில்லை. உண்மையைச் சொல்ல இராணுவ முகாமுக்குப் போக மூன்று முறை சைக்கிளை எடுத்து, மூன்று முறையும் சந்தியோடு திரும்பினேன்.

மூன்றாம் நாள் பெனடிக்ற் வந்தான். உதடு வீங்கியிருந்தது. பை தன்னுடையதுதான் என்று சொன்னானாம்; டைமரில் பல்பை மாட்டி எரியவைத்துக் காட்டிய பிறகுதான் விட்டார்களாம்.

“பை உன்ர எண்டு ஏன் ஒத்துக்கொண்டனீ?”

“இல்லையெண்டு சொல்லியிருந்தா உன்னையெல்லோ பிடிச்சிருப்பாங்கள்? சரி, விடுதி வேலை முடிஞ்சுதா?”

இல்லையென்று தலையாட்டினேன். அவன் சாமான்களை எடுத்து வைக்கத் தொடங்கினான்.

இன்று எங்கள் கருவிகள் பல ஊர்க் கட்டடங்களில் ஓடுகின்றன. கம்பனி வளர்ந்த கதையைக் கேட்பவர்களுக்கு எல்லாம் சொல்வேன், அந்த மூன்று நாளை மட்டும் விட்டுவிடுவேன். பக்கத்தில் இருக்கும் பெனடிக்ற் ஒருநாளும் என்னைத் திருத்தியதில்லை.