ஆயுத பூசைக்கு அமத்துன கம்ப்யூட்டர்

எம்மக கம்ப்யூட்டர்ல வேலை பாத்தா. அப்ப செல்லூர்ல பாதிப் பேரு அதக் கண்ணுல கூடப் பாத்ததில்ல. நூல் யாவார ஆபீசு. அங்க கூட்டிப் பெருக்குறது நானு, ஏசி ரூம்ல உக்காந்து தட்டுறது எம்மக. வெளக்கமாத்த வச்சுக்கிட்டு கண்ணாடி வழியா அவளையே பாத்துக்கிட்டு நிப்பேன். பெருமை தாங்காது. வேலை இன்னும் நெரந்தரமாகல, அது ஒண்ணுதேன் கொறை.

அந்த வருசம் ஆயுத பூசை. தராசு, டைப்படிக்கிற மிசினு, மூட்டை தைக்கிற கோணூசி வரைக்கும் சந்தனம் வச்சாச்சு. பொரிகடலையில சீனி கூடிப்போச்சு, அது கெடக்கட்டும். பூசைன்னா எல்லா மிசினும் ஓஞ்சு கெடக்கணும்ல? இந்தப் பொட்டி மட்டும் உர்ருன்னு எரைஞ்சுக்கிட்டே இருக்கு.

“என்னம்மா, இன்னும் நிப்பாட்டலயா?” மானேசர் கற்பூரத் தட்டோட நிக்கிறாரு.

“நிப்பாட்டிட்டேன் சார். இனி புதுசா எந்தக் கணக்கையும் வாங்காது. ஏற்கெனவே வாங்குனத இன்னும் உள்ள எழுதிக்கிட்டிருக்கு. முடிஞ்சதும் அமத்தலாம்னு தெரையில வரும். அப்பறந்தேன் சுச்ச அமத்தணும்.”

“அதான் நிப்பாட்டியாச்சுல்ல? நல்ல நேரம் போகுது.”

“கொஞ்சம் பொறுங்க சார். இப்ப அமத்துனா எழுதுறது கெட்டுப் போயிரும்.”

முதலாளி வீட்டுப் பொம்பளைக எல்லாம் பட்டுச்சேலையோட நிக்கிறாக. எனக்குக் கூசிப்போச்சு. “பேசாம இருடி. சார்கூட என்ன மல்லுக்கு நிக்கிற?”ன்னு அம்புட்டுப் பேரு முன்னால அதட்டிப்புட்டேன். அவ ஒதுங்கிக்கிட்டா. மானேசர் எட்டி மெயின் சுச்ச அமத்திட்டாரு. மணி அடிச்சுப் பூசை முடிஞ்சு, நானும் மடி நெறையப் பொரி வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

மறுநாள் விசயதசமிக்குப் பொட்டியப் போட்டா, நூல் சரக்குக் கணக்குல பாதியக் காணோம். முதலாளி குதிக்கிறாரு. “அந்தப் பொண்ணுதேன் நிப்பாட்டுச்சு”ங்கிறாரு மானேசர்.

“நிப்பாட்டுனது நாந்தேன் முதலாளி. அமத்துனது நானில்ல.”

சொல்லிப்புட்டு என்னையப் பாத்தா. நான் பக்கத்துல நின்னு பாத்தவதான. ரெண்டு பேரு பொழப்பும் அந்த ஆபீசுல இருக்கேன்னு தரையப் பாத்துக்கிட்டு நின்னேன்.

போன கணக்க எல்லாம் மறுபடி ஏத்துனாத்தேன் வேலைன்னுட்டாரு முதலாளி. ஏத்திப்புட்டா, பெறகு நெரந்தரமும் ஆயிட்டா. கணக்கு ஏத்துன அன்னிக்கு அவ பக்கத்துல உக்காந்து பில்ல ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தது நாந்தேன். எழுத்துத் தெரியாதவளா, பாதியத் தலகீழா நீட்டியிருக்கேன். அவதேன் திருப்பி வச்சு வச்சு அடிச்சா.