மாப்பிள்ளை என்கிற சேவல்

காலை ஏழரைக்கெல்லாம் பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். வேலைக்குப் போகும் அம்மாக்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே பிள்ளையை நீட்டிவிட்டு ஓடுவார்கள். மொத்தம் ஐந்து பேர், எல்லாம் ஐந்து வயதுக்குக் கீழே. அவர்களைப் பார்த்துக்கொள்பவளைத் தெருவே பெரியம்மா என்றுதான் கூப்பிட்டது. ஐம்பதை நெருங்கியும் உட்கார நேரமில்லை. உட்கார்ந்தாலோ முழங்கால் எழ விடுவதில்லை.

கொல்லையில் எட்டுப் பெட்டைகள், இரண்டு சேவல்கள். பெரிய சேவலின் பெயர் மாப்பிள்ளை. நடை அப்படி. பொரித்த மறுநாளே தாய்க்கோழி செத்துப்போக, அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு, உள்ளங்கையில் தீனி வைத்து வளர்த்தாள். அவள் மடியிலேயே தூங்கிய குஞ்சு. வளர்ந்தபோது அதற்கு மனிதர் மேல் துளி பயமும் இல்லை. ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி வரும். அது சண்டைக்கு இழுக்கும் நடை என்று தெரியாமல், விளையாடுகிறது என்றே அவள் நினைத்துவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் உள்ளே கைக்குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். கொல்லைக் கதவுக்குத் தாழ் போடவில்லை. பிள்ளைகளில் ஒருத்தி, ஒரு நர்ஸின் மகள், மூன்றரை வயதுக்காரி, கீழே விழுந்த தொப்பியை எடுக்கக் குனிந்திருக்கிறாள். அலறல் கேட்டு ஓடினால், பிள்ளையின் முகமெல்லாம் ரத்தம். சேவலின் கால்முள் புருவத்தைக் கிழித்திருந்தது. மற்ற நால்வரைப் பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் விட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். மூன்று தையல்.

நர்ஸ் அங்கேயே வந்துவிட்டாள். கத்தவில்லை.

"இன்னும் கொஞ்சம் கீழ பட்டிருந்தா கண்ணு, பெரியம்மா."

"ஆமாம்மா. கதவைத் தாழ் போடாதது என் தப்புதான்."

நர்ஸ் மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். நாளை வருவோம் என்று சொல்லவில்லை.

வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த கணவர் கேட்டுவிட்டு, "அறுத்துடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

"கையில வளர்த்ததுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். மறுநாள் பட்டறைக்குப் போகாமல், கொல்லையை இரண்டாகப் பிரித்துக் கம்பி வலை அடித்து, கொக்கியோடு ஒரு கதவும் வைத்துக் கொடுத்தார்.

அவளுக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. சேவலின் கால்முள்ளின் கூர்முனையை அரத்தால் ராவி மழுக்கினாள். விடிந்ததும் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அது திமிறாமல் அடங்கும்வரை நடந்தாள். "ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, பெரியம்மாவைக் கூப்பிடணும்" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. அவர்களும் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு மறந்துபோனார்கள்.

பத்தாம் நாள், நாலு வயதுக்காரி ஒருத்தி கொக்கியைத் திறக்கக் கற்றுக்கொண்டாள். இம்முறை பெரியம்மா குறுக்கே பாய்ந்துவிட்டாள். சேவல் அவள் முழங்காலுக்குக் கீழே அடித்தது. ராவிய முள்ளே புடவையைக் கிழித்துச் சதையில் இறங்கியது. பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. உடம்பும் மனசும் ஓய்ந்துபோயிருந்தன.

சேவலை இனி வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்து அடுத்த தெருப் பெண் ஒருத்தி வந்தாள். "அறுக்காதீங்கக்கா, என்கிட்ட குடுங்க. எவ்வளவு அழகா இருக்கு."

பெரியம்மாவுக்கு நெஞ்சிலிருந்த கல் இறங்கினாற்போல் இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கா?"

"இருக்கு, ரெண்டு. அதுங்க பாட்டுக்கு விளையாடும்."

"அப்போ வேண்டாம்மா."

அன்று சாயங்காலம் பிள்ளைகள் போனதும் சேவலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கறிக்கடைக்கு நடந்தாள். வழியெல்லாம் அது அவள் கைக்குள் அசையாமல் இருந்தது. கடைக்காரர் வாங்கிக்கொண்டதும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கணவர் அவளை உட்காரச் சொன்னார். தட்டை அவரே கழுவினார்.

மீதியிருந்த சேவல் சாது. மனிதரைக் கண்டால் ஒதுங்கும். ஆனாலும் கொக்கி இருந்த இடத்தில் பூட்டு தொங்கியது.

அடுத்த வாரம் நர்ஸ் மகளோடு வாசலில் நின்றாள். "வேற யார்கிட்டயும் இருக்க மாட்டேங்குறா" என்று மட்டும் சொன்னாள். உள்ளே வந்து, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

"மாப்பிள்ளை எங்க?" என்றது பிள்ளை.

ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"இல்லடா கண்ணு. கறிக்கடையில குடுத்துட்டேன்."

பிள்ளை தையல் போட்ட புருவத்தைத் தடவிக்கொண்டது. பிறகு, பசிக்கிறது என்றது. பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.