அமைச்சருக்காக நிறுத்தி வைத்த குடமுழுக்கு

எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டு. இரண்டும் வேறு வேறு பக்கம் போகும். என் கணவர் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். காலையில் பேப்பர் வந்ததும் அவர் கைக்குப் போகுமுன் நான் பிரித்துவிடுவேன். படிக்கப் படிக்கக் கோபம் வரும், வாய்விட்டே திட்டுவேன். கோயில் நிலத்தை எவனோ வளைத்துப் போட்ட செய்தி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சாராயக்கடை திறந்த செய்தி, மேடையேறி நம் சாமியைக் கேலி பேசியவனுக்குக் கைதட்டிய செய்தி. "கொஞ்சம் மெதுவாத் திட்டு, பேப்பர் போட்டவன் இன்னும் தெரு தாண்டல" என்பார் அவர்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கோயிலைக் கும்பிடுகிறவர்கள்தான் கோயிலை நடத்த வேண்டும், அரசாங்கத்துக்கும் கட்சிக்கும் அங்கே வேலை இல்லை என்பது என் கட்சி. "ஊர்க்காரங்க நடத்துனப்ப பாதி ஊரை வெளியதானே நிறுத்தி வச்சிருந்தீக?" என்று அவர் ஒரு கேள்வி போடுவார். அது தப்பு, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தப்புக்கு மருந்து அமைச்சரும் அவர் பின்னால் வரும் பத்துக் காரும் என்றால் அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தச் சண்டை எங்களுக்குள் இட்லி ஆறிப்போகும் வரை நடக்கும்.

எங்கள் ஊர் திருவரங்குளத்திலிருந்து ஆலங்குடி போகிற பக்கம். ஊர் அம்மன் கோயிலுக்குப் பல வருஷங்களுக்குப் பிறகு குடமுழுக்கு வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவு போட்டு வந்தார்கள். காப்புக் கட்டிய நாளிலிருந்து தெருவில் ஒரு வீட்டிலும் மீன் வாசனை இல்லை. பக்கத்து ஊர் ஜமாத்தார் தாம்பாளங்களில் பழமும் பட்டுமாக மேளத்தோடு சீர் கொண்டுவந்தார்கள். யாகசாலை வாசலில் எங்கள் பெரியவர்கள் அவர்களுக்குச் சந்தனம் கொடுத்து உள்ளே அழைத்துப் போனார்கள். எங்கள் பகுதியில் அது வழக்கம், யாரும் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை.

எனக்கு முதல் எரிச்சல் பேனரில் தொடங்கியது. குடமுழுக்குக்கு முந்தின நாள் வந்து பார்க்கிறேன், கோபுரம் தெரியவில்லை. அமைச்சர் கைகூப்பிச் சிரிக்கும் பேனர் அதை மறைத்து நின்றது. அடியில் ஓர் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு அம்மன். வார்டு மெம்பர் என்னிடம் படித்தவன்தான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"யாருக்குப்பா கும்பாபிஷேகம்? அம்மனுக்கா, அவருக்கா?"

"ஒரு நாள்தான டீச்சர். மேல இருந்து சொல்லிட்டாங்க. நான் என்ன செய்ய?"

மேலே இருந்து என்றால் எங்களுக்கெல்லாம் வேறு அர்த்தம். அவனுக்கு அது மாவட்டச் செயலாளர்.

மறுநாள் காலை வெயில் ஏழு மணிக்கே சுள்ளென்று அடித்தது. பத்தேகாலுக்குள் கலசத்தில் தண்ணீர் விழ வேண்டும், அதோடு லக்னம் முடிகிறது. ஒன்பதரைக்கெல்லாம் குருக்கள் குடத்தைத் தலையில் சுமந்து, சாரத்தின் வழியே விமானத்துக்கு ஏறிவிட்டார். கீழே மூங்கில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள், விரதம் இருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வந்த பெண்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பந்தலும் சோபாவும் ஏர்கூலரும். சோபாவில் ஆள் இல்லை. ஏர்கூலர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

குருக்கள் மேலே நிற்கிறார், தண்ணீர் ஊற்றவில்லை. மைக்கில் ஒருவன் தொண்டை கிழிய அறிவிக்கிறான்: "மாண்புமிகு அமைச்சர் அவர்கள் கீரனூரைத் தாண்டிவிட்டார்கள்!" கொஞ்ச நேரம் கழித்து, "மாண்புமிகு அமைச்சர் அவர்கள் புதுக்கோட்டையை நெருங்கிவிட்டார்கள்!" இடையிடையே அம்மன் பாட்டு. எனக்குப் பக்கத்தில் ஒரு கர்ப்பிணி, சித்தி மகன் பெண்டாட்டி, கண் செருகி அப்படியே என் தோளில் சாய்ந்தாள். அவளை உட்கார வைக்க நிழல் தேடி, தடுப்பைத் தூக்கிப் பந்தலுக்குள் கூட்டிப் போனேன். கரைவேட்டி கட்டிய ஒருவன் ஓடிவந்தான்.

"இங்கிட்டு வரக்கூடாதும்மா, வி.ஐ.பி. உக்கார்ற எடம்."

"மயங்கி விழுந்துட்டாப்பா."

"அங்கிட்டு ஆம்புலன்ஸ் நிக்கிது, அங்க கூட்டிட்டுப் போங்க."

ஆம்புலன்ஸ் ரோட்டில், கூட்டத்தின் அந்தக் கோடியில். அவன் பேச்சைக் காதில் வாங்காமல் அவளைச் சோபாவில் படுக்க வைத்தேன். அவள் மாமியார் முந்தானையால் விசிறினாள். நான் நேராகக் கோயில் நிர்வாக அதிகாரியிடம் போனேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"சார், லக்னம் முடியப் போகுது. குருக்களை ஊத்தச் சொல்லுங்க."

"அஞ்சு நிமிஷம் மேடம். கொடி அசைச்சாத்தான் ஊத்தணும்னு சொல்லியிருக்கு."

"யாரு அசைக்கணும்?"

"அமைச்சர்."

பச்சைக் கொடியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு ஒருவன் அவர் பக்கத்தில் நின்றான். ரயில்வே கேட்டில் நிற்பதுபோல. அம்மனுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு மனிதன் காரில் வந்து இறங்கிக் கொடி அசைக்க வேண்டும். அந்தக் கொடியைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. மேடை ஏறி, அறிவிப்பாளன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். முப்பது வருஷம் வகுப்பறையில் கத்திய தொண்டை, மைக் வேறு.

"குருக்களே, ஊத்துங்க! யாருக்காக நிக்கிறீங்க? பெத்த தாயை எவனாவது இப்படி வெயில்ல நிறுத்தி வைப்பானா? வேற யாரையாவது இப்படி நிறுத்தி வைக்கத் தைரியம் இருக்கா ஒங்களுக்கு? ஊத்துங்க!"

அதிகாரி "மேடம், மேடம்" என்று கையை நீட்டினார். குருக்கள் மேலிருந்து எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குடத்தைச் சாய்த்துவிட்டார். கீழே பெண்கள் போட்ட குலவையில் மைக் சத்தம் அமுங்கிப் போனது. அழுதுவிட்டேன். கோபத்திலா பக்தியிலா என்று எனக்கே தெரியவில்லை.

அமைச்சர் அதற்கப்புறம்தான் வந்தார். நடந்ததை யாரோ காதில் சொன்னார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "நேரம் தவறக்கூடாதுல்ல, அம்மா சரியாத்தான் செஞ்சிருக்காங்க" என்று எனக்கு ஒரு கும்பிடு போட்டார். அவர் நல்லபடிதான் பேசினார், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வாரமே அறநிலையத் துறையிலிருந்து குருக்களிடம் விளக்கம் கேட்டார்கள். பதில் வரும்வரை பூஜைக்கு வர வேண்டாம் என்றார்கள். கத்தியது நான், தண்டனை அவருக்கு. சிரித்த முகம் ஒன்று, அடிக்கிற கை இன்னொன்று. இவர்கள் அரசியலே இதுதான்.

ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டையில் அவர்கள் ஆபீசுக்கு இரண்டு தடவை போனேன். எங்களை வராந்தாவில் உட்கார வைத்தார்கள், பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆவணி பிறந்த பிறகு ஒருநாள் குருக்கள் தானாகவே வந்து நடை திறந்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. திருநீறு கொடுக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நிதானிக்கும்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்துவிட்டது. நான் மைக்கில் பேசியதை யாரோ போனில் படம் எடுத்திருக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் என் மகன் கூப்பிட்டு, "அம்மா, நீ வைரலாயிட்ட" என்றான். ஒரு சேனலில் நான் எதிர்க்கட்சி ஏவிவிட்ட ஆள். அதைப் பார்த்து அவ்வளவாகக் கோபம் வரவில்லை, அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். என்னை எரிய வைத்தது நான் இத்தனை வருஷம் ஓட்டுப் போட்ட பக்கத்தார் செய்த காரியம். அவர்கள் பெற்ற தாய் என்ற வரியை வெட்டிவிட்டார்கள். "வேற யாரையாவது இப்படி நிறுத்தி வைக்கத் தைரியம் இருக்கா" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒரு பள்ளிவாசல் படத்தை ஓட்டி, கீழே நெருப்புப் போட்ட எழுத்தில் 'இந்துத் தாயின் கேள்வி' என்று போட்டிருந்தார்கள். மந்திரம் மாதிரி ஒரு பின்னணி இசை வேறு.

என் வாய், என் குரல், என் சேலை. சொன்னது மட்டும் நான் இல்லை.

அன்று சாயங்காலம் அறந்தாங்கியிலிருந்து போன் வந்தது. என்னோடு ஒரே பள்ளியில் இங்கிலீஷ் எடுத்த டீச்சர். ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நோன்புக் காலத்தில் எனக்குக் கஞ்சி வரும், பொங்கலுக்கு அவள் வீட்டுக்குக் கரும்பு போகும்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றாள். எப்போதும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"நல்லாருக்கேன். என்ன?"

"அந்த வீடியோ... நீங்க எங்களச் சொன்னீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். முழுதாகச் சொன்னேன். "சரிக்கா, நீங்க சொன்னாச் சரி" என்று வைத்துவிட்டாள். அவள் கேட்டதைவிட, கேட்கும்படி ஆகிவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, வீடியோவை வெட்டி ஒட்டிய கட்சிக்காரர்கள் மூன்று பேர் சால்வையோடு வீட்டுக்கு வந்தார்கள். புதுக்கோட்டையில் கூட்டமாம், மேடையில் எனக்கு மரியாதை செய்யப் போகிறார்களாம். என் கணவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மரியாதை இருக்கட்டும். அந்த வீடியோவை எடுங்க" என்றேன்.

"எதுக்கும்மா? நல்லாப் போயிட்டிருக்கு."

"நான் சொல்லாததைப் போட்டிருக்கீங்க."

மூத்தவர் சோபாவில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "அம்மா, நீங்க நம்ம ஆளு. கோயிலுக்காகத்தானே பேசுனீங்க? அதைத்தான் நாங்களும் கொஞ்சம் எடுத்துச் சொல்றோம்."

"கோயில் வாசல்ல சீர் கொண்டாந்து நின்னவங்களும் அதைப் பாக்குறாங்க. அவங்க மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"இனிமே நிறுத்த முடியாதும்மா. அது போயிருச்சு. கட்சிக்கு நல்லதுதானே?"

"அவங்க அம்மனை அமைச்சருக்காக நிறுத்தி வச்சாங்க. நீங்க என்னைக் கட்சிக்காக நிறுத்தி வைக்கிறீங்க. என்ன வித்தியாசம்? எந்திரிங்க."

கூட வந்த இளையவன் சிரித்தான். "ரொம்பக் கோவப்படாதீங்கம்மா, பி.பி. ஏறும்" என்றான். நான் சால்வையை எடுத்து அவன் மடியில் வைத்தேன். வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்காமல் அனுப்பியது அதுதான் முதல் தடவை.

அவர்கள் போனதும் என் கணவர் பேப்பரைக் கீழே வைத்தார். இப்போது ஏதாவது சொல்வார், நான் அப்பவே சொன்னேன் என்பார், சண்டை பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். "சர்க்கரை கம்மியாத்தான் போட்டேன்" என்றார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நான் பேசுவதைப் படம் எடுக்கச் சொன்னேன். நடந்தது என்ன, நான் சொன்னது என்ன என்று நிதானமாகப் பேசினேன். வகுப்பெடுக்கிற மாதிரி இருந்ததாம். அதையும் போனில் ஏற்றினோம், யாரும் பார்க்கவில்லை. திட்டினால் பார்க்கிறார்கள், விளக்கினால் தள்ளிவிட்டுப் போகிறார்கள். எந்தக் கட்சியும் வந்து அப்படி ஆக்கியதாகச் சொல்ல முடியாது. நாமாகத்தான் அப்படி ஆகியிருக்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தினமும் காலையில் திட்டிக்கொண்டே பேப்பர் படிக்கிறவள் வேறு யார்?

போன வாரம் அறந்தாங்கி பஸ் ஏறினேன். சொல்லாமல்தான் போனேன். அவள் கதவைத் திறந்து, "வாங்கக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். டீ போட்டாள். மருமகள் பிரசவம், மூட்டுவலி, பென்ஷன் ஆபீஸ் என்று எல்லாம் பேசினோம். அதை மட்டும் பேசவில்லை. உள் அறையில் அவள் மகன் இருப்பது தெரிந்தது. என்னிடம் பத்தாவதில் கணக்குப் படித்தவன், இப்போது வக்கீல். நான் வந்தால் முதலில் ஓடிவருகிறவன். அன்றைக்கு வரவில்லை. நான் கிளம்பச் செருப்பைப் போடும்போதுதான் வெளியே வந்தான்.

"டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? நீங்க அப்படிச் சொல்லலன்னு எனக்குத் தெரியும். ஆனா அடுத்த தடவையும் அவங்களுக்குத்தானே ஓட்டுப் போடுவீங்க?"

அவன் அம்மா, "டேய்" என்றாள்.

"இருக்கட்டும், கேக்கட்டும்" என்றேன். "கோயில் விஷயத்துல என் கருத்து மாறாதுப்பா. யாரு ஆட்சியில இருந்தாலும் கோயில்ல கட்சிக்கு வேலை இல்ல. ஆனா என் வாய்க்குள்ள அவங்க வார்த்தையைத் திணிச்சவங்களுக்கு இனிமே என் ஓட்டு கெடையாது."

"அப்ப யாருக்கு?"

"அமைச்சருக்குக் கொடி பிடிக்கிறவங்களுக்கும் கெடையாது."

"அப்ப யாருக்கு டீச்சர்?"

கேள்வி கேட்டு விடைக்காக நிற்கிற பையன்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவன் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டான், அதனால்தான் அவன்மேல் கோபப்பட முடியவில்லை.

"தெரியலப்பா" என்றேன்.

அவன் பைக் சாவியை எடுத்தான். "வாங்க, பஸ் ஸ்டாண்டுல விட்டுர்றேன்" என்றான். அவன் புதுக்கோட்டை பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு, பஸ் நகரும்வரை கீழேயே நின்றான்.